ஓர் இரவுக்கான அரண்: அயர்லாந்தின் கோபுர வீடுகள் எதற்காக, எப்படிக் கட்டப்பட்டன?

அயர்லாந்தின் தென்மேற்குக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பகுதிகள்) சாலைவழியே செல்பவர்கள், மேய்ச்சல் நிலத்தின் நடுவிலோ ஆற்றங்கரையிலோ ஒற்றையாய் நிற்கும் சதுரக் கற்கோபுரங்களை அடிக்கடி காண்பார்கள். சுற்றுலாப் பலகைகளும் வீடு விற்கும் விளம்பரங்களும் அவற்றைக் 'காசில்' என்றே குறிப்பிடுகின்றன. ஆனால் கோட்டை என்றதும் நம் மனத்தில் எழும் அகழியோ, அடுக்கடுக்கான மதில்களோ, படை தங்கும் கொத்தளங்களோ அங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. ஒரு பக்கம் சுமார் பத்து மீட்டர் அகலம், நான்கைந்து மாடி உயரம், அம்பு மட்டுமே நுழையக்கூடிய பிளவுகள், ஒரே ஒரு வாசல்: கட்டடம் இவ்வளவுதான்.

இதைப் பார்ப்பவருக்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. இத்தனை சிறிய கட்டடம் எந்தப் படையைத் தாங்கியிருக்கும்? தாங்காது என்றால், ஒரு சிறு தீவில் இவற்றை ஆயிரக்கணக்கில் ஏன் கட்டினார்கள்? இரண்டுக்கும் விடை ஒன்றே: எந்த எதிரிக்காக இவை கட்டப்பட்டன என்பதில் அது இருக்கிறது.

எதைக் கோபுர வீடு என்கிறோம்?

ஆங்கிலத்தில் 'டவர் ஹவுஸ்' எனப்படும் இந்தக் கட்டட வகையைத் தமிழில் 'கோபுர வீடு' என்று சொல்லலாம். கோயில் கோபுரத்தை மறந்துவிட்டு, செங்குத்தாக நிறுத்திய ஒரு வீட்டை நினைத்துக்கொள்ள வேண்டும். தரையில் பக்கவாட்டில் பரவ வேண்டிய கிடங்கு, காவலறை, படுக்கையறை, விருந்துக்கூடம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, தடித்த கற்சுவருக்குள் அடைக்கப்பட்டிருக்கும். அதில் வாழ்ந்தவர் அரசரின் படைத்தளபதி அல்லர். ஒரு நிலவுடைமையாளர், ஓர் ஐரிஷ் குலத் தலைவர், அல்லது துறைமுக நகரின் பணக்கார வணிகர்.

இவற்றின் காலம் ஏறத்தாழ 1400 முதல் 1650 வரை. முழுதாய் நிற்பவை, இடிந்தவை, அடித்தளம் மட்டும் எஞ்சியவை எல்லாம் சேர்த்து, இடம் அறியப்பட்டவை 3,000 அளவில் இருக்கும்; கட்டப்பட்டவை இதைவிட மிக அதிகம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. லிமரிக், கிளேர், கால்வே, டிப்பரெரி, கார்க் ஆகிய கவுண்டிகளில் இவை நெருக்கமாகவும், வடக்கே அல்ஸ்டர் மாகாணத்தில் அரிதாகவும் காணப்படுகின்றன. இந்தப் பரவலை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அடுத்து வரும் வாதத்திற்கு அது தேவைப்படும்.

பத்துப் பவுண்டுச் சட்டமும் அதன் எல்லையும்

கோபுர வீடுகளின் தோற்றம் குறித்துப் பலரும் திருப்பிச் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. 1429-இல், இங்கிலாந்து அரசர் ஆறாம் ஹென்றியின் காலத்தில், அயர்லாந்தில் ஆங்கிலேய ஆட்சி உறுதியாக இருந்த டப்ளின், மீத், கில்டேர், லௌத் ஆகிய நான்கு கவுண்டிகளுக்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் 20 அடி நீளம், 16 அடி அகலம், 40 அடி உயரம் என்ற அளவில் கோபுரம் கட்டும் அரச விசுவாசிகளுக்கு 10 பவுண்டு உதவித்தொகை என்பது அதன் சாரம். இந்தத் தொகையைப் பெறுவதற்காகவே கோபுரங்கள் முளைத்தன என்றும், பிறகு மற்றவர்கள் அதைப் பார்த்துக் கட்டினார்கள் என்றும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி நம்பப்பட்டது.

இந்த விளக்கம் முழுமையானதன்று. கோபுரங்கள் மிகவும் நெருங்கி நிற்கும் லிமரிக்கும் கிளேரும் கால்வேயும் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரவே இல்லை. சட்டம் சொன்ன சிறிய அளவோடு பொருந்தும் கோபுரங்களும் மிகக் குறைவு. மீத் கவுண்டியில் உள்ள டோனோர் கோபுரத்தைத்தான் எடுத்துக்காட்டாக எல்லோரும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். மேலும், ஒரு கட்டடத்தின் அளவை அடிக்கணக்கில் வரையறுத்து அரசு உதவித்தொகை அறிவிக்கிறது என்றால், அந்தக் கட்டடம் என்னவென்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். சட்டம் கோபுர வீட்டைப் பிறப்பிக்கவில்லை. முன்பே நடந்துகொண்டிருந்த ஒன்றை நான்கு கவுண்டிகளில் ஊக்கப்படுத்தியது, அவ்வளவே.

யாருக்கு எதிராக?

பதினான்காம் நூற்றாண்டு அயர்லாந்தை உலுக்கியெடுத்தது. 1315 முதல் 1318 வரை ஸ்காட்லாந்திலிருந்து வந்த எட்வர்ட் புரூஸின் படையெடுப்பு, அதே காலத்துப் பஞ்சம், 1348-இல் வந்து சேர்ந்த கொள்ளைநோய் ஆகியவற்றுக்குப் பிறகு ஆங்கிலேய ஆட்சியின் கை சுருங்கியது. பதினைந்தாம் நூற்றாண்டில் அது டப்ளினைச் சுற்றிய 'பேல்' என்ற பகுதியோடு பெருமளவு நின்றுவிட்டது. மற்ற இடங்களில் மெக்கார்த்தி, ஓ'பிரையன், ஓ'கானர் போன்ற ஐரிஷ் குலங்களும், பர்க், ஃபிட்ஜெரால்டு போன்ற பழைய நார்மன் குடும்பங்களும் தத்தம் நிலத்தைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அங்கே செல்வம் என்பது மாடு. குத்தகை, வரதட்சணை, தண்டம் எல்லாவற்றையும் மாட்டுக் கணக்கில் பேசிய சமூகம் அது. எனவே போர் என்பதும் பெரும்பாலும் ஆநிரை கவர்தலாகவே இருந்தது. பக்கத்துக் குலத்தின் ஆட்கள் சில பத்துப் பேர் இரவில் வந்து, கூரை வீடுகளுக்குத் தீ வைத்து, மாடுகளை ஓட்டிக்கொண்டு, விடிவதற்குள் தம் எல்லைக்குத் திரும்ப முயல்வார்கள். அவர்களிடம் ஏணி இருக்கலாம், கோடரி இருக்கலாம், தீப்பந்தம் நிச்சயம் இருக்கும். வாரக்கணக்கில் முகாமிட்டு மதிலைத் தகர்க்கும் கருவிகளோ அதற்கான உணவோ இருக்காது. காலம் தாழ்ந்தால் அவர்களுக்கே ஆபத்து, ஏனெனில் அக்கம்பக்கத்துக் கூட்டாளிகள் திரண்டு வந்துவிடுவார்கள்.

கோபுர வீட்டின் ஒவ்வோர் உறுப்பையும் இந்த எதிரியை மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும். அது மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதன்று. வந்தவனைச் சில மணி நேரம் வாசலில் நிறுத்திவைத்தால் போதும் என்ற கணக்கில் கட்டப்பட்டது.

பட்டி மதில்: முதல் வளையம்

கோபுரத்தை ஒட்டி, சுற்றுச்சுவரால் அடைத்த ஒரு முற்றம் பெரும்பாலும் இருக்கும். ஐரிஷ் மொழியில் இதன் பெயர் 'பாவூன்'. 'மாட்டு அரண்' என்று பொருள்படும் சொற்சேர்க்கையிலிருந்து அது வந்ததாகவே வழக்கமாக விளக்குகிறார்கள். தமிழில் பட்டி மதில் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். இந்தச் சுவர் பெரும்பாலும் கோபுரச் சுவரைவிட மெல்லியது, உயரம் குறைந்தது. ஒரு படையை அது தடுக்காது. ஆனால் உள்ளே அடைத்த மாடுகளைச் சத்தமின்றி ஓட்டிச் செல்ல முடியாமல் செய்துவிடும். ஒரே வாசல், அதற்கு நேர் மேலே கோபுரத்தின் பார்வை. கால்வே கவுண்டியில் ஓ'ஃப்ளாஹர்டி குலத்தின் ஆக்னனூர் கோபுரத்தில் உள்முற்றம், வெளிமுற்றம் என்று இரண்டு பட்டிகளின் சுவர்களும் இன்றும் தெரிகின்றன.

முற்றத்துக்குள் கூரை வேய்ந்த கட்டடங்களும் இருந்தன. டப்ளினைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டானிஹர்ஸ்ட் 1584-இல் எழுதிய குறிப்பு இங்கே மிகவும் பயன்படுகிறது. கோபுரத்தை ஒட்டி மண்சுவரும் கூரையும் கொண்ட பெரிய கூடங்கள் உண்டென்றும், தலைவர்கள் அங்கே விருந்து வைப்பார்கள் என்றும், ஆனால் எதிரிகள் கூரைக்கு எளிதில் தீ வைத்துவிடுவார்கள் என்பதால் உறங்குவதற்குக் கோபுரத்துக்குள் போய்விடுவார்கள் என்றும் அவர் சொல்கிறார். பகலில் தரைக்கூடம், இரவில் கற்கோபுரம். இன்று கூரைக்கூடங்கள் மக்கிப் போய்விட்டதால்தான் கோபுரம் மட்டும் அநாதையாய் நிற்பதுபோல் தோன்றுகிறது.

வாசல் முதல் உச்சி வரை: தாக்குபவன் கடக்க வேண்டியவை

பட்டியைக் கடந்து கோபுரத்தின் அடிக்கு வந்துவிட்டவனுக்கு என்ன காத்திருக்கும் என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

1. அடிச்சரிவு. கோபுரச் சுவர் தரையருகே வெளிப்புறமாகச் சரிந்து அகன்றிருக்கும். இதனால் அடித்தளம் வலுப்பெறுகிறது. சுவரின் அடியைத் தோண்டுவது கடினமாகிறது. மேலிருந்து போடும் கல் இந்தச் சரிவில் பட்டு வெளிப்புறமாகத் தெறிக்கும் என்பதும் ஒரு பயன்.

2. தொங்கு மாடம். வாசலுக்கு நேர் மேலே, உச்சியில், சுவருக்கு வெளியே துருத்திக்கொண்டு ஒரு சிறு கற்கூண்டு இருக்கும். அதற்குத் தரை இல்லை. அங்கே நிற்பவர் தம் உடலை வெளியே காட்டாமல், நேர் கீழே கதவை உடைப்பவன் தலைமேல் கல்லைப் போடலாம். சில கோபுரங்களில் மூலைகளிலும் இவ்வகைக் கூண்டுகள் உண்டு. கார்க் கவுண்டியின் பிளார்னி கோபுரத்தில் இது உச்சிச் சுவர் நெடுகத் தொடர்வரிசையாகவே அமைந்திருக்கிறது. உலகெங்கிலுமிருந்து வருபவர்கள் முத்தமிடும் புகழ்பெற்ற 'பிளார்னிக் கல்' அந்த வரிசையில் பதித்த ஒரு கல்தான். முதுகைத் தரையில் வைத்து, இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னுக்குத் தொங்கவிட்டு அதை முத்தமிடுகிறார்கள். அப்போது தலைக்குக் கீழே தெரியும் இடைவெளிதான் எதிரிமேல் கல் போடுவதற்காக விடப்பட்ட திறப்பு.

3. இரும்புக் கிராதி. மரக்கதவைத் தீயிலிருந்தும் கோடரியிலிருந்தும் காப்பதற்காக, அதற்கு வெளிப்புறமாக 'யெட்' என்ற இரும்புக் கிராதி சாத்தப்படும். அதில் கோத்த சங்கிலி, கதவு நிலைக்கல்லில் குடைந்த ஒரு துளை வழியாக உள்ளே சென்று, உட்புறத்தில் இழுத்துக் கட்டப்படும். கிராதிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. நிலைக்கல்லின் ஓரத்தில் விரல்கள் நுழையும் அளவிலான அந்தத் துளை மட்டும் பல கோபுரங்களில் அப்படியே இருக்கிறது. அதன் பயன் தெரியாமல் கடந்து போகிறவர்களே அதிகம்.

4. நடைக்கூண்டு. கதவை உடைத்து உள்ளே வந்தவன் நேரே வீட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. நான்கைந்து பேர் நெருக்கியடித்து நிற்கக்கூடிய ஒரு சிறு கற்கூண்டுக்குள்தான் வருவான். அதிலிருந்து காவலறைக்கு ஒரு கதவு, கிடங்குக்கு ஒரு கதவு, படிக்கட்டுக்கு ஒரு கதவு. மூன்றும் உட்புறத்தில் தாழிடப்பட்டிருக்கும்.

5. கொலைத்துளை. அந்தக் கூண்டின் கூரையில் ஒரு சதுரத் துளை இருக்கும். மேலறையில் இருப்பவர் அதன் வழியே கீழே நிற்பவனை ஈட்டியால் குத்தலாம், கல்லால் அடிக்கலாம், பிற்காலத்தில் துப்பாக்கியால் சுடலாம். அமைதியான நாள்களில் வந்தவர் யார் என்று பார்க்கவும் பேசவும் அது பயன்பட்டிருக்கும்.

6. சுருள் படி. இதையும் கடந்தவன் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே ஏறக்கூடிய இருண்ட சுருள் படியில் கால் வைக்கிறான். ஒவ்வொரு தளத்திலும் இன்னொரு கதவு.

இந்த ஆறில் எதுவும் தனியாக நின்று யாரையும் என்றென்றைக்கும் தடுத்துவிடாது. ஒவ்வொன்றும் சிறிது நேரத்தைத் தின்னும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கப்படவும் இல்லை.

இவற்றுக்கு அப்பாலும் ஒரு கடைசி ஏற்பாட்டைச் சில வீடுகள் வைத்திருந்தன. கில்கென்னி கவுண்டியில், பழைய ஓக் மரத் தளங்களோடு நல்ல நிலையில் எஞ்சியிருக்கும் கிளாரா கோபுரத்தில் ஒரு மறைவறை உண்டு. கழிப்பறை இருக்கைபோல் தோன்றும் ஒரு திறப்பின் வழியாகத்தான் அதற்குள் இறங்க முடியும். கொள்ளையடிக்க வந்தவன் எந்த இடத்தைத் துழாவத் தயங்குவான் என்பதைக் கட்டியவர் நன்றாகவே யோசித்திருக்கிறார்.

இரண்டு கதைகள்: படியின் சுழிப்பும் கொதிக்கும் எண்ணெயும்

சுற்றுலா வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று: படிகள் வலஞ்சுழியாக ஏறுவதற்குக் காரணம், ஏறி வருபவனின் வலக்கை நடுத்தூணில் இடிக்கும் என்பதும், மேலே நிற்பவருக்கு வாள் வீச இடம் கிடைக்கும் என்பதுமாம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இடஞ்சுழியாக ஏறும் படிகளும் உண்டு. அவற்றைக் கட்டியவர்களெல்லாம் இடக்கைக்காரர்கள் என்று சொல்ல வேண்டிவரும். படி எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை வாசல் எங்கே இருக்கிறது, எந்த மூலையில் படிக்கட்டை வைத்தால் அறைகள் ஒழுங்காக அமையும் என்பவை தீர்மானித்ததாகக் கொள்வதே எளிய விளக்கம். காவலுக்கு உதவியது சுழிப்பன்று, குறுகல். ஒரே நேரத்தில் ஒருவன் மட்டுமே வர முடியும் என்ற நிலையில், மேலே நிற்பவர் எந்தக் கையால் வாள் பிடித்தாலும் அனுகூலம் அவருக்கே.

கொதிக்கும் எண்ணெயை எதிரிமேல் ஊற்றினார்கள் என்ற கதைக்கும் இதே கதிதான். எண்ணெய் விலை உயர்ந்த பொருள். அதைக் குடம் குடமாகக் காய்ச்சி, நான்கு மாடி ஏற்றி, திறப்பு வழியாக ஊற்றுவதற்குள் பொழுது போய்விடும். கல் அங்கேயே கிடக்கிறது, விலையும் இல்லை.

சுவருக்குள் ஒரு கைரேகை

கோபுர வீட்டின் தரைத்தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் பல இடங்களில் ஒரு வியப்பான காட்சி கிடைக்கும். கல்லால் கட்டிய வளைவுக் கூரையின் அடிப்பரப்பு முழுவதும் பாய் முடைந்ததுபோன்ற தடம் பதிந்திருக்கும்.

காரணம் இது. வளைவுக் கூரை கட்டும்போது சுண்ணாம்புச் சாந்து இறுகும்வரை கற்களைத் தாங்க அடியில் ஒரு தற்காலிக அமைப்பு தேவை. இன்று நம் ஊர்க் கட்டட வேலையில் 'சென்ட்ரிங்' என்கிறோமே, அதுவேதான். நாம் பலகையோ தகடோ அடிக்கிறோம். அவர்கள் மரச்சட்டங்களின்மேல் வளைந்துகொடுக்கும் மெல்லிய கொம்புகளால் முடைந்த தட்டிகளைப் பரப்பி, அதன்மேல் சாந்தைக் கொட்டிக் கல்லை அடுக்கினார்கள். சாந்து இறுகியபின் சட்டங்களைப் பிரித்தார்கள். தட்டியின் தடம் சாந்தில் நின்றுவிட்டது. ஒவ்வொரு கொம்பும் எதன்மேல் ஏறி எதன்கீழ் இறங்கியது என்பதைக்கூட விரலால் தொடர முடியும். சில இடங்களில் கொம்பின் துணுக்குகள் சாந்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டன. அவற்றைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தி, கல்வெட்டோ ஆவணமோ இல்லாத கோபுரங்களின் காலத்தை இப்போது கணிக்கிறார்கள்.

வளைவுக் கூரைக்குப் பாதுகாப்பிலும் பங்கு உண்டு. மற்றத் தளங்கள் மரத்தால் ஆனவை. சுவரிலிருந்து நீட்டிய கற்களின்மேல் உத்தரம் போட்டுப் பலகை பாவப்பட்டவை. கீழ்த்தளத்தில் தீ வைத்தாலும் கல் வளைவைத் தாண்டி அது மேலே ஏறாது. அதோடு, வளைவின்மேல் கல் பாவிய தரையில் அச்சமின்றி அடுப்பு மூட்டலாம்.

உச்சியில் கூடம்

இதனால்தான் வீட்டின் மிக முக்கியமான அறை மிக உயரத்தில் இருந்தது. லிமரிக்கில் நீதிபதியாக இருந்த லூக் கெர்னன் 1620-இல் ஐரிஷ் கோபுரங்களைப் பற்றி எழுதும்போது, பாதுகாப்புக்காகப் படிகள் குறுகலாக இருப்பதையும், கூடம் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதையும் குறிப்பிடுகிறார். மேலே ஏறிய விருந்தினரை மறுநாள்வரை இறங்க விடமாட்டார்கள் என்று கிண்டலும் செய்கிறார். மதுவும் உணவும் அப்படி ஓடும்.

கட்டட அமைப்பைப் பார்த்தால் இதன் காரணம் தெளிவு. தரைத்தளத்தில் சன்னல் வைக்க முடியாது. வைத்தால் அதுவே வாசலாகிவிடும். அங்கே வெளிப்பக்கம் ஒரு கையகலப் பிளவும், உட்பக்கம் வில்லாளி நின்று இருபுறமும் திரும்பி எய்யும் அளவுக்கு விரிந்த மாடமும் மட்டுமே. மேலே ஏற ஏற ஏணி எட்டாது. எனவே பிளவு சாளரமாகிறது, சாளரத்தின் இருபுறமும் உட்காரக் கல்திண்ணை வருகிறது. உச்சிக் கூடத்தில்தான் வெளிச்சமும் காற்றும் காட்சியும். தொடக்கத்தில் கூடத்தின் நடுவில் தீ மூட்டி, கூரைத் திறப்பு வழியாகப் புகையை வெளியேற்றினார்கள். சுவரோடு சேர்ந்த கணப்பு அடுப்புகள் பல கோபுரங்களில் பிற்காலச் சேர்க்கை. பழைய சாளரம் ஒன்றை அடைத்துக்கொண்டு கணப்பு நிற்பதைக் கண்டால் அதைப் புரிந்துகொள்ளலாம்.

ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும்: நாம் இன்று படங்களில் பார்க்கும் கருங்கல் நிற வெற்றுச்சுவர் அன்றைய தோற்றம் அன்று. பெரும்பாலான கோபுரங்கள் வெளியே சாந்து பூசிச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டவை. பச்சை மேய்ச்சல் நிலத்தில் வெள்ளை வெளேர் என்று நின்றவை அவை. ஒளிந்துகொள்ளக் கட்டிய வீடு அப்படி நிற்காது. இந்த நிலம் யாருடையது என்று பல மைல் தூரத்துக்கு அறிவிக்கும் வேலையையும் அது செய்தது.

பீரங்கி வந்தபோது

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் துப்பாக்கி அயர்லாந்துக்கு வந்தது. கோபுரங்கள் அதற்கு ஓரளவு ஈடுகொடுத்தன: நீண்ட அம்புப் பிளவுகளுக்குப் பக்கத்தில் சிறிய வட்டத் துளைகள் தோன்றின. அது உள்ளிருந்து சுடுவதற்கு. வெளியிலிருந்து பீரங்கி சுட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கட்டட வகையிடம் விடை இருக்கவில்லை. உயரமான, செங்குத்தான, தட்டையான சுவர் ஏணிக்கு எதிரி. பீரங்கிக்கோ அதைவிட வசதியான இலக்கு கிடைக்காது.

1535-இல் கில்டேர் பிரபுவின் மேனூத் கோட்டை அரசப் பீரங்கிகளுக்கு முன் வீழ்ந்தது. அது பெரிய கோட்டை, கோபுர வீடு அன்று. ஆயினும் வரப்போவதை அது காட்டியது. கோபுர வீட்டின் கதையில் அந்த நாள் 1580-இல் கெர்ரி கவுண்டியில் வந்தது.

ஷானன் ஆற்றின் முகத்துவாரத்தில், கடல் ஏற்றத்தின்போது நீரால் சூழப்படும் பாறையின்மேல் நிற்கிறது கரிகாஃபாயில் கோபுரம். ஓ'கானர் கெர்ரி குலத்தார் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. லிமரிக் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்களைக் கண்காணிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான டெஸ்மண்ட் பிரபுவின் இரண்டாம் கிளர்ச்சியின்போது ஓர் இத்தாலியப் பொறியாளரின் தலைமையில் ஐரிஷ், ஸ்பானிய வீரர்களின் சிறு படை இதற்குள் இருந்தது. 1580-ஆம் ஆண்டின் ஈஸ்டர் காலத்தில் ஆங்கிலேயத் தரப்பின் சர் வில்லியம் பெல்ஹாமின் படை தரையிலிருந்தும், கடற்படைக் கப்பல்கள் நீரிலிருந்தும் தாக்கின. இரண்டே நாளில் மேற்குச் சுவர் சரிந்தது. உள்ளிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள், பிடிபட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். நீர் சூழ்ந்த இடம் என்ற பழைய அனுகூலமே, கப்பல் நேராக அருகில் வந்து சுட வழி கொடுத்துவிட்டது.

அந்தச் சுவர் பின்னர் எழுப்பப்படவே இல்லை. அதனால் இன்று கரிகாஃபாயில் ஒரு பாடப்படம்போல நிற்கிறது: கத்தியால் வெட்டித் திறந்ததுபோல அடுக்கடுக்காய்த் தளங்களும், வளைவுக் கூரையும், சுவரின் தடிமனும் வெளியே தெரிகின்றன. மூலையில் இருந்த சுருள் படி தப்பிவிட்டது, உச்சிவரை ஏறலாம்.

ஒரு பிரபு, மூன்று கோபுரங்கள்

1641-இல் வெடித்த ஐரிஷ் கத்தோலிக்கர்களின் கிளர்ச்சியும் அதைத் தொடர்ந்த போர்களும் கோபுர வீடுகளுக்குக் கடைசிச் சோதனை. மஸ்கெரி பிரபு டோனா மெக்கார்த்தி என்ற ஒருவரின் வாழ்க்கையிலேயே அதைக் காணலாம்.

பிளார்னி அவருடைய குடும்பத்தின் கோட்டை; 1446-இல் கோர்மாக் லாய்டிர் மெக்கார்த்தி கட்டியதாக மரபு சொல்கிறது. 1646-இல் மஸ்கெரி, கத்தோலிக்கக் கூட்டமைப்பின் படையோடு கிளேர் கவுண்டியின் பன்ராட்டியை முற்றுகையிட்டு ஜூலையில் கைப்பற்றினார். பன்ராட்டி வழக்கமான கோபுர வீட்டைவிடப் பல மடங்கு பெரியது, நான்கு மூலைகளிலும் கோபுரங்கள் கொண்டது. கடல்வழி உதவியும் உள்ளிருந்தவர்களுக்கு இருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவை நிறுவியவரின் தந்தையான கடற்படைத் தளபதி வில்லியம் பென் அங்கே எதிரணியான இங்கிலாந்து நாடாளுமன்றத் தரப்பில் நின்றார். ஆனால் அதே ஆண்டில் பிளார்னி, நாடாளுமன்றத் தரப்பின் ப்ராகில் பிரபுவின் படையிடம் வீழ்ந்தது. பிறர் அரணைப் பிடித்தவரால் தம் வீட்டைக் காக்க முடியவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, கில்லார்னி ஏரிக்கரையில் உள்ள ரோஸ் கோபுரத்தில் மஸ்கெரி உள்ளே இருந்தார். வெளியே, நாடாளுமன்றப் படைத் தலைவர் குரோம்வெல்லின் தளபதி எட்மண்ட் லட்லோ. கரைப்பக்கம் சதுப்பு நிலம் என்பதால் படை நெருங்குவது கடினம். ஏரியில் போர்க்கப்பல் மிதக்கும்வரை ரோஸ் வீழாது என்று ஒரு வாய்மொழி இருந்ததாகச் சொல்வார்கள். லட்லோ படகுகளைக் கொண்டுவந்து ஏரியில் இறக்கினார். 1652 ஜூனில், கோபுரம் தகர்க்கப்படும் முன்பே, மஸ்கெரி சரணடைந்தார். தகர்க்கத் தேவையே இல்லை. பீரங்கி வரும் வழி திறந்துவிட்டால் முடிவு என்ன என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

பிளவுகளிலிருந்து சன்னல்களுக்கு

கால்வே கவுண்டியின் டெரிஹிவெனி கோபுரத்தில், அதைக் கட்டிய ஓ'மாடனின் பெயரெழுத்துகளோடு 1643 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. காலம் உறுதியாகத் தெரிந்த கோபுர வீடுகளில் கடைசியானவற்றுள் அது ஒன்று. பீரங்கியின் காலத்திலும் ஒருவர் இதைக் கட்டினார் என்பதற்குக் காரணம், பக்கத்து எதிரி இன்னும் பக்கத்திலேயே இருந்தான் என்பதுதான். பத்துப் பேர் கொள்ளைக் கும்பல் பீரங்கி இழுத்துக்கொண்டு வராது.

மாற்றத்தை ஒரே சுவரில் பார்க்க வேண்டுமானால் கிளேர் கவுண்டியின் பர்ரன் பகுதியில் உள்ள லெமனேக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் 1480 வாக்கில் ஓ'பிரையன்கள் கட்டிய ஐந்து மாடிக் கோபுரம். கண் சுருக்கியதுபோன்ற பிளவுகள் மட்டும். மறுபக்கம், அதோடு ஒட்டியே, கோனர் ஓ'பிரையனும் அவர் மனைவி மாய்ரே ருவாவும் 1640-களில் எழுப்பிய நான்கு மாடி மாளிகை. தளத்துக்குத் தளம் கல்லால் பகுத்த பெரிய சன்னல்கள் வரிசையாக. வசதியை விரும்பியவர்கள் பழைய கோபுரத்தை இடித்துவிடவில்லை. அதன் சுவரோடு சேர்த்தே புது வீட்டைக் கட்டினார்கள். கோனர் 1651-இல் குரோம்வெல் படையோடு நடந்த மோதலில் இறந்தார்.

அதன்பின் நிலங்கள் கைமாறின. பல கோபுரங்கள் வேண்டுமென்றே வெடிவைத்துச் சேதப்படுத்தப்பட்டன; பல, மூலைக்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பக்கத்துப் பண்ணை வீடுகளின் சுவர்களாயின. கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் 1917-இல் கால்வே கவுண்டியில் ஒரு கோபுரத்தை வெறும் 35 பவுண்டுக்கு வாங்கிச் செப்பனிட்டுக் கோடைக்காலங்களில் வாழ்ந்தார். அப்படிப் பிழைத்தவை சில. மரத் தளங்கள் இற்று விழுந்தும் வளைவுக் கூரை அசையாமல் நின்றதால், விவசாயிகளின் நிலத்தில் அகப்பட்ட பல கோபுரங்களின் தரைத்தளம் மழைக்கு ஒதுங்கும் மாடுகளுக்குக் கொட்டகையாயிற்று.